ஆகஸ்ட் தீக்கு ஜனவரியில் தயாராக வேண்டும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீப் பணிக்குத் தனியார் வண்டிகளையும் ஆட்களையும் ஒப்பந்தத்தில் எடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவும் எங்கள் பதில்களும்.

கேள்வி: கட்டுமான இடங்களில் புழுதி அடக்க ஓட்டும் 4,000 கேலன் தண்ணீர் லாரி என்னிடம் இருக்கிறது. கோடையில் காட்டுத்தீ வேலைக்கு விட எங்கிருந்து தொடங்க வேண்டும்? – வாசகர், ஃப்ரெஸ்னோ

முதலில் லாரியை எடை மேடையில் ஏற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 4,000 கேலன் என்றால் தண்ணீர் மட்டுமே 33,360 பவுண்டு. மூன்று அச்சு லாரியின் வெற்று எடை 25,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால்கூட மொத்தம் 58,000ஐத் தாண்டிவிடும். இன்டர்ஸ்டேட் சாலையில் பின்னால் இருக்கும் இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டுதான் வரம்பு. ஆக, உங்கள் லாரி நிறைந்த தொட்டியோடு சட்டப்படி சாலையில் ஓட முடியாமல் போக வாய்ப்பு அதிகம். கட்டுமான இடத்துக்குள்ளேயே சுற்றும்வரை இதை யாரும் கேட்பதில்லை. தீ முகாமில் முதல் நாளே கேட்பார்கள். தயாரிப்பாளர் குறித்த அதிகபட்ச மொத்த எடையை மீறிய வண்டி அங்கேயே திருப்பி அனுப்பப்படும், வந்த செலவு உங்கள் தலையில்.

தீப் பணிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் லாரிகளை டெண்டர் என்பார்கள், அவற்றில் மூன்று வகை உண்டு. முதல் வகைக்குக் குறைந்தது 4,000 கேலன் தொட்டியும், 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு 300 கேலன் தள்ளும் பம்பும் வேண்டும். இரண்டாம் வகைக்கு 2,500 கேலனும் 200 கேலன் பம்பும். மூன்றாம் வகைக்கு 1,000 கேலனும் அதே 200 கேலன் பம்பும். தீயருகே போய் ஓடிக்கொண்டே நீர் அடிக்கும் டாக்டிகல் டெண்டர் வேறு இனம். அதற்கு 150 பி.எஸ்.ஐ.யில் 250 கேலன் பம்பும் இரண்டு ஆட்களும் தேவை. புழுதி அடக்கும் லாரி பெரும்பாலும் இதில் தேறாது. எடை கூடினால் தயங்காமல் இரண்டாம் வகையில் பதியுங்கள். நாள் வாடகை குறையும்தான். ஆனால் 4,000 என்று எழுதிவிட்டு 3,000 கேலனோடு வந்து நிற்பவரை அழைத்த அதிகாரி அடுத்த முறை அழைக்கத் தயங்குவார்.

தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி நிறைந்த தொட்டியில் தடுப்பு இல்லாவிட்டால் வளைவில் தண்ணீர் ஒரே பக்கம் சாய்ந்து வண்டியைக் கவிழ்க்கும். காட்டுப் பாதையில் டெண்டர் கவிழ்வது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப உயிர் வாங்கும் விபத்து.

இனி காகித வேலை. மத்திய அரசு ஒப்பந்ததாரர்களுக்கான எஸ்.ஏ.எம். பதிவுத் தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்தால் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி கிடைக்கும். பதிவு இலவசம். பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புபவர்கள் இடைத்தரகர்கள், ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஜூலையில் பதிவு காலாவதியானால் பணம் வருவதும் நிற்கும். வனத்துறையின் கொள்முதல் அமைப்பு 'வைப்பர்' எனப்படுகிறது. டெண்டர், இன்ஜின் (தொட்டியும் பம்பும் கொண்ட தீயணைப்பு வண்டி), புல்டோசர், மரம் வெட்டுவோர், குடிநீர் லாரி, கை கழுவும் நிலையம் என ஒவ்வொன்றுக்கும் தனி ஏல அறிவிப்பு வரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எல்லா வகைக்கும் வராது. தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க நேரிடலாம். கலிபோர்னியாவில் மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயருக்குத் தனி வாடகை ஒப்பந்த முறை இருக்கிறது, அதிலும் சேருங்கள்.

26,001 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள வண்டிக்கு வணிக ஓட்டுநர் உரிமமும், 1,000 கேலன் தாண்டிய தொட்டி என்பதால் டேங்க் வாகன அனுமதியும் ஓட்டுநருக்கு வேண்டும். அரசுத் தீயணைப்பு வீரர்களுக்கு மாநிலங்கள் தரும் விலக்கு உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் வாகனக் காப்பீடும் வணிகப் பயன்பாட்டுக்கு உரியவையாக இருக்கட்டும். தீப் பணிக்கு அனுப்பப் போவதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானால் வேலை உறுதி என்று அர்த்தமில்லை. 'அழைத்தால் இந்த விலைக்கு வருகிறேன்' என்ற சம்மதம் மட்டுமே அது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தொலைபேசி ஒருமுறைகூட அடிக்காமல் போகலாம். ஏற்கெனவே வேறு வேலை பார்க்கும் லாரி என்பதால் உங்கள் நிலைமை பரவாயில்லை. இதற்கென்றே கடன் வாங்கி லாரி வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம்.

கேள்வி: பக்கத்து ஊர்க்காரரின் இன்ஜின் சென்ற கோடை முழுக்க ஓடியது. என்னுடையது முற்றத்தில் நின்றது. இருவருக்கும் ஒரே ஒப்பந்தம்தான். சிபாரிசு ஏதாவது உண்டா? – வாசகர், மெட்ஃபோர்டு

பட்டியல் வரிசைதான் காரணமாக இருக்கும். ஒப்பந்தமான வண்டிகளை விலை, திறன் இரண்டையும் சேர்த்து மதிப்பிட்டு, வண்டிகளை அழைத்து அனுப்பும் அந்தந்த டிஸ்பேட்ச் மையத்துக்கு முன்னுரிமைப் பட்டியல் தயாராகிறது. தேவை வரும்போது முதலில் அரசு வண்டிகள், பிறகு பட்டியலில் மேலிருந்து கீழே. பட்டியல் பார்வைக்குக் கிடைக்கும். உங்கள் இடத்தையும் மேலே இருப்பவர்களின் வண்டிகளையும் பார்த்தால் அடுத்த ஏலத்தில் எவ்வளவு குறைக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்கள் நிலை 'கிடைக்கும்' என்று பதிவாகியிருந்ததா? தனியார் வேலைக்கு வண்டியை அனுப்பியபோது 'கிடைக்காது' என்று மாற்றி, திரும்பி வந்த பிறகு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். டிஸ்பேட்ச் அழைக்கும்போது எடுக்காவிட்டாலும், கேட்ட நேரத்துக்குள் வர முடியாது என்றாலும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இரவு 2 மணிக்கும் எடுக்கக்கூடிய ஒரே எண்ணைக் கொடுங்கள், அலுவலக எண்ணை அல்ல.

விலையைக் கண்மூடித்தனமாகக் குறைக்காதீர்கள். நாள் வாடகைக்குள் எரிபொருள், எண்ணெய், ஆட்களின் கூலி எல்லாம் அடக்கம். சர்வீஸ் கான்ட்ராக்ட் சட்டப்படி கூலிக்கு அரசு நிர்ணயித்த அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே கணக்குப் போட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் ஓடும் ஒவ்வொரு நாளும் நஷ்டப்படுவார்.

கேள்வி: மலையில் புகை தெரிகிறது. வண்டியும் தயார். நேராகப் போய் நிற்கலாமா? – வாசகர், ரெடிங்

கூடாது. டிஸ்பேட்ச் அழைக்கும்போது தரும் ரிசோர்ஸ் ஆர்டர் எண் இல்லாமல் போனால் பணம் வராது, காப்பீடு கைவிரிக்கும். எல்லாவற்றையும்விட, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாத நிலையில் தீ திசை மாறினால் உங்களைத் தேட ஆள் வராது.

கேள்வி: கணவரின் இரண்டு இன்ஜின்களுக்கு நான்தான் கணக்கு. பணம் மாதக்கணக்கில் இழுக்கிறது, சில சமயம் குறைத்தும் வருகிறது. எங்கே தவறுகிறது? – வாசகி, மிசூலா

பெரும்பாலும் அன்றைய பணி நேரத்தைப் பதியும் ஷிஃப்ட் டிக்கெட்டில். ஓ.எஃப். 297 என்ற அந்த ஒற்றைத் தாள்தான் உங்கள் வருமானம். அலுவலகத்தில் நீங்கள் எவ்வளவு திறமையாகக் கணக்கு வைத்தாலும், தீக்கோட்டில் (தீ பரவாமல் வெட்டும் தடுப்புக் கோட்டில்) களைப்பில் இருக்கும் ஆள் மாலையில் அதைச் சரியாக நிரப்பாவிட்டால் பயனில்லை. கணவரோடும் ஆட்களோடும் உட்கார்ந்து பருவம் தொடங்கும் முன்பே ஒரு டிக்கெட்டை நிரப்பிப் பழகுங்கள்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்? தீயின் பெயர், எண். 'ஈ' என்று தொடங்கும் உங்கள் ஆர்டர் எண். ஒப்பந்த எண். வண்டியின் பதிவெண்ணோ தொடர் எண்ணோ ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டு இன்ஜின் வைத்திருப்பவர்கள் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் டிக்கெட்டில் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள், 0600, 2000 என்று. இரவுப் பணி நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு தேதிக்கும் தனித்தனி டிக்கெட். பழுதாகி நின்ற நேரம் இருந்தால் மறைக்காமல் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் எப்படியும் குறித்து வைத்திருப்பார், இரண்டும் முரண்பட்டால் முழுத் தாளும் நிறுத்திவைக்கப்படும். ஓட்டுநரும் மேற்பார்வையாளரும் அன்றன்றே கையெழுத்திட வேண்டும். மூன்று நாள் கழித்து அந்த மேற்பார்வையாளர் வேறு மாநிலத்தில் இருப்பார்.

இனி 'குறைத்து வந்தது' என்பதற்கு. நாள் வாடகை 0001 முதல் 2400 வரையான நாட்காட்டி நாளுக்கு. நடுவில் உள்ள நாட்களில் சிக்கல் இல்லை. முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் பிரச்சினை. பணிக்கு எடுக்கப்பட்ட நேரம் அந்த நாளில் 8 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பாதி வாடகை, 8 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் முழு வாடகை. ஆர்டர் வந்து இன்ஜின் 15:30க்குக் கிளம்பியது என்றால் நள்ளிரவுவரை எட்டரை மணி நேரம், முழு வாடகை. 17:00க்குக் கிளம்பியிருந்தால் ஏழு மணி நேரம், பாதி. விடுவிக்கப்பட்டுக் காலை 06:45க்கு வீடு சேர்ந்தால் அன்றும் பாதி. பயணமும் பணி நேரமே. கிளம்பிய நேரத்தை எழுதாமல் முகாமில் பெயர் பதிந்த நேரத்தை எழுதிவிட்டால் ஐந்து மணி நேரப் பயணம் காணாமல் போகும். உங்கள் 'குறைவு' அநேகமாக இங்கேதான் இருக்கும், பழைய டிக்கெட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

விடுவிக்கும்போது நிதிப் பிரிவு எல்லா டிக்கெட்டையும் சேர்த்து ஓ.எஃப். 286 என்ற இன்வாய்ஸைப் போடும். உங்கள் கணவர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே உள்ள வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள். குறிப்புப் பகுதியில் எழுதிவைத்தவை தவிர வேறு எந்தக் கோரிக்கையும் இனி இல்லை என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் விடுபட்டிருந்தாலோ, சேதக் கோரிக்கை நிலுவையில் இருந்தாலோ, அதைக் குறிப்பில் எழுதாமல் கையெழுத்திட்டால் பிறகு வாதாட இடமில்லை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பலர் இழப்பது இந்த இடத்தில்தான்.

குறையற்ற இன்வாய்ஸ் சேர்ந்த பிறகு 30 நாளுக்கு மேல் ஆனால் பிராம்ப்ட் பேமெண்ட் சட்டப்படி அரசு வட்டி தர வேண்டும். அந்த 30 நாள் ஓடத் தொடங்குவது தாள்கள் முழுமையாக இருக்கும்போது மட்டுமே.

கேள்வி: எங்கள் ஆறாம் வகை இன்ஜின் (சிறிய வண்டி) முகாம் வாசல் சோதனையில் தோற்றது. சரிசெய்து திரும்பிய போது வேறு வண்டியை எடுத்துவிட்டார்கள். சோதனையில் எதைப் பார்க்கிறார்கள்? – வாசகர், ஸ்போகேன்

சோதனைக்கான தாள் ஓ.எஃப். 296. யாரும் கேட்டு வாங்கலாம். கிளம்பும் முன் வீட்டிலேயே அதை வைத்துச் சோதித்தால் வாசலில் அதிர்ச்சி இருக்காது.

அதிகம் தோற்பது டயரில். முன் டயரின் பள்ளம் 4/32 அங்குலம், மற்றவை 2/32. இது சாலைச் சட்டத்தின் அடிமட்டம். கூர்க்கற்கள் நிறைந்த காட்டுப் பாதைக்கு அந்த அடிமட்டத்தோடு வருவது புத்திசாலித்தனம் அல்ல. அடுத்தது எடை: ஆறாம் வகைக்கு 19,500 பவுண்டு மொத்த எடை வரம்பு. 300 கேலன் தண்ணீர் 2,500 பவுண்டு. அதோடு மூன்று ஆட்கள், பைகள், குழாய், செயின்சா, எரிபொருள், கூடுதலாக நீங்கள் மாட்டிய இரும்புப் பெட்டிகள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனால் பழைய எடைச் சீட்டு பொய்யாகிவிடும். எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, புதுச் சீட்டு எடுங்கள்.

பம்ப்: 100 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு 50 கேலன். குளத்திலிருந்து உறிஞ்சிக் காட்டச் சொல்வார்கள். தொட்டியிலிருந்து நன்றாக அடிக்கும் பம்ப் உறிஞ்சும்போது திணறினால், பெரும்பாலும் உறிஞ்சு குழாய் இணைப்பில் காய்ந்த வாஷர் வழியே காற்று நுழைகிறது. பம்ப்மேல் பழி போட்டுப் பிரித்துப் போடும் முன் அந்த வாஷர்களை மாற்றிப் பாருங்கள். உயரமும் கணக்கில் வரும். 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி உறிஞ்சு திறன் குறையும். வீட்டில் தேறிய பம்ப் 7,000 அடியில் தேறாமல் போவது அதனால்தான்.

குழாய்த் திருகு பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுத்தீப் பணியில் 1 அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்குப் பதினொன்றரை புரி கொண்ட நேர்க்குழாய்த் திருகு. ஒன்றரை அங்குலக் குழாய்க்கு 9 புரி கொண்ட தேசியத் தீக்குழாய்த் திருகு. தோட்டக் கருவிக் கடையில் வாங்கிய ஒன்றரை அங்குல இணைப்பு பெரும்பாலும் பதினொன்றரை புரியாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், அரைச் சுற்றுச் சுழலும், பிறகு சிக்கும். பலவந்தமாகத் திருகினால் பித்தளை கெட்டு இரண்டும் பாழ். பக்கத்து இன்ஜினோடு குழாயை இணைக்க முடியாத இன்ஜின் தீக்கோட்டில் தனித்து நிற்கும்.

மற்றபடி தீ சூழ்ந்தால் உள்ளே புகுந்து உயிர் காக்கும் தீக்கூடாரம் ஒவ்வோர் ஆளுக்கும் புதிய தலைமுறை வகையாக இருக்கட்டும், பழைய சரக்கு ஏற்கப்படாது. களத்திலேயே அலைவரிசை மாற்றக்கூடிய வானொலி, அதற்கான பேட்டரி. எட்டு அங்குல உயரத் தோல் பூட்ஸ். ஆட்களின் தகுதி அட்டைகள். இந்தக் கடைசியை மறந்து வந்தவர்களால் வண்டி கச்சிதமாக இருந்தும் திரும்ப நேர்ந்திருக்கிறது.

கேள்வி: என் மகன் 19 வயது. தனியார் குழுவில் சேர விரும்புகிறான். என்ன பயிற்சி, உடல் தகுதி வேண்டும்? – வாசகி, யூஜீன்

எஸ்-130, எஸ்-190, எல்-180 ஆகிய தொடக்கப் பாடங்களும் ஐ.சி.எஸ். என்ற பணித் தலைமை முறையின் அறிமுகப் பாடங்களும் முடித்தால் இரண்டாம் நிலை வீரர் தகுதி. உடல் தகுதிக்கு 45 பவுண்டு சுமையோடு 3 மைலை 45 நிமிடத்தில் நடக்க வேண்டும். ஓடக் கூடாது. ஆண்டுதோறும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஆர்.டி.-130 புத்தாக்கப் பயிற்சியும் ஆண்டுதோறும் உண்டு. அதில் தீக்கூடாரத்தை விரித்துள்ளே நுழையும் ஒத்திகையை அவன் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை செய்யட்டும்.

குழு என்பது 18 முதல் 20 பேர், ஒரு தலைவர், அவருக்குக் கீழே சிறு அணித் தலைவர்கள். பணி 14 நாள், பயண நாட்கள் தனி, பிறகு கட்டாய ஓய்வு. எந்த நிறுவனத்தில் சேர்கிறான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 'சான்றிதழை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வகுப்புக்கு வர வேண்டாம்' என்று சொல்லும் நிறுவனத்தின் வாசலையே மிதிக்க வேண்டாம். போலிப் பயிற்சிப் பதிவோடு தீக்கோட்டுக்கு அனுப்பப்பட்ட பையன் தன்னோடு மற்ற பத்தொன்பது பேரையும் ஆபத்தில் வைக்கிறான். பயிற்சி தந்தவர் யார், களப்பயிற்சி எங்கே நடக்கும், பூட்ஸ் செலவு யாருடையது, பயண நேரத்துக்குக் கூலி உண்டா என்று நேராகக் கேளுங்கள். நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும்.

கேள்வி: ஐடஹோவில் விடுவித்த அன்றே ஒரிகனுக்குத் திரும்பிவிட ஆட்கள் துடிக்கிறார்கள். விடலாமா? – வாசகர், பெண்ட்

ஒரே நாளில் ஓர் ஓட்டுநர் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அதற்கு முன் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும். இரண்டு மணி வேலைக்கு ஒரு மணி ஓய்வு என்ற விதி திரும்பும் பயணத்துக்கும் பொருந்தும். 2003 ஆகஸ்டில் ஐடஹோ தீயிலிருந்து திரும்பிய ஒப்பந்தக் குழுவின் வேன் கிழக்கு ஒரிகனில் வேல் ஊருக்கு அருகே லாரியோடு மோதி, உள்ளே இருந்த 8 பேரும் இறந்தார்கள். தீயிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் அவர்கள். முகாமிலேயே தூங்கிவிட்டு விடியலில் கிளம்பச் சொல்லுங்கள். விடுவிப்புத் தாளில் கிளம்பும் நேரத்தை அதற்கேற்ப எழுதக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பும் தனியார் இன்ஜின்களும் இதே முறையில் வருகின்றனவா? – வாசகர், சான்டா ரோசா

இல்லை. அவர்களுக்குப் பணம் தருவது காப்பீட்டு நிறுவனம். காப்பீடு எடுத்த வீடுகளைச் சுற்றிச் சருகு அகற்றுவது, தீத்தடுப்பு ஜெல் தெளிப்பது, தெளிப்பான் அமைப்பது அவர்கள் வேலை. கலிபோர்னியாவில் 2018ல் வந்த சட்டப்படி அவர்கள் தீப் பணியின் தலைமையோடு தொடர்பில் இருக்க வேண்டும், அவசர வாகன விளக்குகளைப் பயன்படுத்தக் கூடாது, அரசு வண்டி என்று மக்கள் எண்ணும்படி தோற்றமளிக்கவும் கூடாது.

கேள்வி: டி-7 புல்டோசரை ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறேன். தீக்கோடு வெட்டும்போது சேதமானால் யார் பொறுப்பு? – வாசகர், லூயிஸ்டன்

சங்கிலித் தேய்மானம், பிளேடு விளிம்பு, ஹைட்ராலிக் குழாய் போன்றவை வழக்கமான தேய்மானம், உங்கள் செலவு. வாடகையிலேயே அதற்கு இடம் வைத்துக் கணக்கிட்டிருக்க வேண்டும். அரசு ஆட்களின் செயலால் வந்த சேதம் என்றால் கோரலாம், ஆனால் ஆதாரம் வேண்டும். பணிக்கு முந்தைய சோதனையின்போதே நாலு பக்கமும், அடிப்பகுதியும், கண்ணாடியும் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள். சேதம் நடந்த அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, ஷிஃப்ட் டிக்கெட் குறிப்பில் எழுதி, பார்த்தவர்களின் அறிக்கை வாங்குங்கள். விடுவிப்புச் சோதனையில் 'புதிய சேதம் இல்லை' என்று கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

டிரெய்லர் லாரிக்கு வேறு டிக்கெட் போடுங்கள். கிளம்பும் முன், களை விதைகள் பரவாமல் வண்டிகளைக் கழுவும் நிலையத்தில் சங்கிலி இடுக்கில் உள்ள மண்ணைச் சுத்தமாக அகற்றிவிடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த தீக்கு அனுப்ப மறுப்பார்கள்.